அடித் தண்ணீர் எடுத்தவள்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்துக்குள் அழுகிய நண்டு வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் உன் அண்ணன். ஒரு கையில் ஈரச் சாக்கு, இன்னொரு கையில் தண்ணீர் பிடித்த இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள். கல்லூரி வாசலில் காவலாளி விட மறுத்திருக்கிறார். "உப்பு பாக்குற பாய் வூட்டுப் பொண்ணாண்ட போவணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி உள்ளே வந்திருக்கிறார். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவரை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சாக்கின் வாயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே நண்டுகள், அடித்தரையில் ஊர்கிற சின்ன இறால்கள். எல்லாம் செத்தவை.

"வலைல மாட்டிச் செத்தது இல்லம்மா. அடில செத்துக் கெடந்தது. வலைய இழுத்தா ஒட்டிகினு வருது," என்றார். பாட்டில்களை மேசைமேல் வைத்தார். "இது மேல் தண்ணி. இது அடி. ஆலை பைப்பு தண்ணி வுடற எடத்துல எடுத்தேன். நாக்குல வெச்சாலே வித்தியாசம் தெரிது. நீ மெசின்ல பாத்துச் சொல்லு."

பார்த்தேன். மேல் தண்ணீர் சாதாரணக் கடல் தண்ணீர். அடித் தண்ணீரின் உப்பு அதைவிட எவ்வளவோ அதிகம். கருவி பழுதோ என்று கழுவி மறுபடியும் பார்த்தேன். அதே எண். அந்த எண்ணைப் பார்த்ததும் உன் மேல் கோபம் பொங்கியது. வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். உன் அண்ணன் பின்னாலேயே வந்து, நான் உன்னை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, இரண்டு படி கீழே உட்கார்ந்தார். நான் அழவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"மவுத்தானவங்க மேல கோவத்த வெச்சிகினு இருக்கக் கூடாது" என்று செத்தவர்களைப் பற்றி அம்மா சொல்வாள். அவள் பேச்சைக் கேட்டு இரண்டு வருடம் இருந்து பார்த்துவிட்டேன். இனி முடியாது. உட்கார்ந்து கேள்.

நம் முதல் கப்பல் பயணத்திலிருந்து சொல்கிறேன். அங்கே தொடங்கினால்தான் நீ செய்தது எவ்வளவு பெரியது என்று உனக்கு உறைக்கும். எம்.எஸ்சி. முடித்த கையோடு வங்காள விரிகுடாவில் ஆராய்ச்சிக் கப்பலில் போனோம். எண்ணூர் குப்பத்திலிருந்து நீ, தண்டையார்பேட்டையிலிருந்து நான். உங்கள் ஆட்கள் வலைக்கும் படகுக்கும் வாங்குகிற கயிற்றை விற்றுத்தான் என் அத்தா என்னைப் படிக்க வைத்தார். நாம் இருவரும் பேசுவதைக் கேட்டு, சினிமா காமெடி மாதிரி இருக்கிறது என்று கப்பலில் ஒருவன் சிரித்தான். நீ அவன் உப்பு அளவு எழுதி வைத்திருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இதே பாஷைலதான் தம்பி சொல்றேன். மூணாவது வரில உன் உப்பு தப்பா கீது." அவன் சரிபார்த்தான். தப்பாகத்தான் இருந்தது. அன்றைக்கு நீ அப்படிப்பட்டவள்.

ஒரு மத்தியானம் கடைசி ஆழம் வரைக்கும் பாட்டில்களை இறக்கினார்கள். வட்டமான சட்டத்தில் ஆளுயர உருளைகள், இரண்டு பக்கமும் திறந்தபடி கம்பியில் கீழே போகும். எந்த ஆழத்தில் வேண்டுமோ அந்த ஆழத்தில் மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும். கீழே போகவே ஒரு மணி நேரம், மேலே வர இன்னொரு மணி நேரம். தளத்தில் கால் வைக்க முடியாத வெயில். அடி ஆழத்து உருளையின் குழாயை நீ திறந்தாய். தண்ணீர் கையில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். பெட்டியில் ஐஸ் உருகி நிற்கிற தண்ணீர் மாதிரி இருந்தது. ஆராய்ச்சிக்கு வேண்டியதைப் பிடித்த பிறகு மிச்சத்தைக் கை நிறைய ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டாய். என் முகத்திலும் அடித்தாய்.

"இது எப்ப வெயில் பாத்துச்சோ," என்றாய்.

புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் நீயும் நானும் அதை நம்பினோம். தென் கோடியில், அண்டார்டிகாவின் ஓரத்தில், நிலத்திலிருந்து வீசுகிற காற்று கடல்மேல் பிடித்த பனியைத் தள்ளிக்கொண்டே போகும். திறந்து கிடக்கிற தண்ணீர் மறுபடியும் உறையும். உறைகிறபோது பனி உப்பைத் தன்னோடு வைத்துக்கொள்ளாது, கீழே விட்டுவிடும். மிச்சத் தண்ணீருக்கு உப்பும் ஏறும், குளிரும் ஏறும், கனமும் ஏறும். கனத்த தண்ணீர் கீழே இறங்கும். கரைச்சரிவில் வழிந்து, வழியில் பக்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, கடலின் தரையைத் தொட்டு, மலைகளின் இடைவெளிகளில் புகுந்து வடக்கே பரவும். நம் விரிகுடாவுக்கு வந்து சேர நூற்றாண்டுகள் ஆகும். இங்கே அப்படி அடித் தண்ணீர் பிறக்கவே பிறக்காது. கங்கையும் மற்ற ஆறுகளும் கொட்டுகிற நல்ல தண்ணீர் மேலே லேசான போர்வை மாதிரி கிடக்கிறது. அது கனக்காது, இறங்காது. அதனால் நமக்கு அடியில் கிடப்பதெல்லாம் வெளியூர்த் தண்ணீர். அத்தனை தூரம் வந்தும் தன் உப்பையும் குளிரையும் முழுசாக விட்டுக்கொடுக்காத தண்ணீர். ஒரு சொட்டை அளந்தால் அது எங்கே பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

இதை உன் அண்ணனிடம் நீ சொன்னபோது நானும் இருந்தேன். "கடலு ஒண்ணுதான, எல்லாம் கலந்துடாதா?" என்றார். நீ அவர் தலையில் தட்டினாய். "அவ்ளோ லேசுல கலக்காதுண்ணா. கனத்தது அடிக்குப் போய்டும். அடி அடியாத்தான் இருக்கும்."

இந்த வார்த்தையை மறந்துவிடாதே. நான் மறக்கவில்லை.

அப்புறம் நான் கல்லூரி ஆய்வகத்தில் உப்பு அளக்கிற வேலையில் உட்கார்ந்துவிட்டேன். நீ ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தாய். எண்ணூர்ப் பக்கத்தில் ஓர் ஆலை, கடல் தண்ணீரை இழுத்து உப்பை நீக்கித் தனக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சிய உப்புக் கரைசலைக் குழாயில் திருப்பிக் கடலில் விடுகிறது. அதைப் பல மடங்கு பெரிதாக்கப் போவதாக இருந்தார்கள். பெரிதாக்கினால் கடலுக்கு என்ன ஆகும் என்று அறிக்கை எழுதுகிற வேலை உனக்கு வந்தது.

உங்கள் நிறுவனத்தின் கருவி கெட்டுப்போய் மாதிரிகளை என்னிடம் கொண்டுவந்தாய். மேல், நடு, அடி என்று உன் கையெழுத்தில் ஒட்டிய பாட்டில்கள். இரண்டு நாள் இருவரும் உட்கார்ந்து அளந்தோம். நீ எண்ணைப் படித்தாய், நான் என் பதிவேட்டில் எழுதினேன். குழாய்க்குப் பக்கத்தில் அடித் தண்ணீர் கன உப்பு. தள்ளிப் போனாலும் அடியில் அந்த உப்பு இருந்தது, மேலே இல்லை. கடல் தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே போயிருந்தது. நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய்.

"ஏய், நம்ம எண்ணூர்லயே ஒரு அண்டார்டிகா கீதுடி. அங்க ஐஸு உப்ப எறக்குது, இங்க பைப்பு எறக்குது. ரெண்டும் அடியோட போவுது."

அவ்வளவு சந்தோஷம் உனக்கு. அடியில் ஊர்கிற ஜந்துக்களுக்கு அங்கே என்ன ஆகும் என்று நான் கேட்டேன். "அதத்தான்டி எழுதப் போறேன்" என்றாய்.

அறிக்கை வந்தது. அட்டவணையில் மேல் இருந்தது, நடு இருந்தது. அடி இல்லை. கீழே உன் கையெழுத்து. 'வெளியேற்றப்படும் நீர் சிறிது தூரத்திற்குள் கடல்நீருடன் முழுமையாகக் கலந்துவிடும்' என்று ஒரு வாக்கியம்.

திருவொற்றியூர் தேரடி டீக்கடையில் உன்னைப் பிடித்தேன்.

"அடித் தண்ணி எங்கடி?"

"எந்த அடித் தண்ணி?"

"வெளாடாத. நான்தான அளந்தேன்."

நீ டீயை ஊதிக்கொண்டே இருந்தாய். "அது சரியா வரலனு தூக்கிட்டாங்க."

"எது சரியா வரல? மெசினா, நானா?"

"வுடுடி. கடலு பெருசு. கலந்துடும்."

உன் வாயிலிருந்து. நான் எழுந்து போயிருப்பேன், நீ கையைப் பிடித்து உட்கார வைத்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய். தெற்கே பனி வரைக்கும் போகிற கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள், உன் பெயர் பட்டியலில் இருக்கிறது, உன் நிறுவனத்துப் பெரியவர் சொன்னால்தான் உறுதியாகும், நீ வாயைத் திறந்தால் பெயர் போய்விடும்.

"அது பொறக்கற எடத்த ஒரே ஒரு தபா பாக்கணும்டி. பாத்துட்டு வந்துடறேன். அப்பறம் நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

வயிற்றுப் பிழைப்புக்குச் செய்தேன் என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நம் ஏரியாவில் அப்படிக் கையெழுத்துப் போடாதவர்கள் குறைவு. நீ ஆசைக்குச் செய்தாய். அதுவும் எந்த ஆசை? என் முகத்தில் தண்ணீர் அடித்தாயே, அந்தத் தண்ணீர் மேல் வந்த ஆசை. என்னிடமும் அதே ஆசை இருந்ததால் உன்னை அங்கேயே வெறுத்துவிட்டு வர முடியவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இன்று திட்டுகிறேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் போலீஸ், உள்ளே நாற்காலிக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். மேடையில் நீ, கஞ்சி போட்ட பருத்திச் சேலையில். மூன்றாம் வரிசையில் குப்பத்து ஆட்களோடு உன் அண்ணன். பக்கத்தில் இருந்தவரிடம் உன்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் எழுந்து, உப்புத் தண்ணியால் நண்டு வராதே என்று கேட்டார். நீ படத்தைக் காட்டி, கடல் பெரியது, அலை அடிக்கிறது, எல்லாம் கலந்துவிடும் என்றாய். வார்த்தைக்கு வார்த்தை எழுத்துத் தமிழ். உன் பேச்சை நீ வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாய்.

நான் மைக்கை வாங்கினேன். என் பையில் பதிவேடு இருந்தது. "அடியிலிருந்து மாதிரி எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

என்னை நேராகப் பார்த்தாய். "அடியில் மாதிரி எடுக்கப்படவில்லை, மேடம்."

மேடம்.

பையில் கையை விட்டிருக்க வேண்டும். பதிவேட்டை எடுத்து உயர்த்திக் காட்டியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால், உன் அண்ணன் முன்னால், உன்னைப் பொய்க்காரி ஆக்க என்னால் முடியவில்லை. மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அனுமதி கிடைத்தது. குழாயைப் பெரிதாக்கினார்கள். நீ கப்பல் ஏறினாய்.

திரும்பும் வழியில் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து குரல் செய்தி அனுப்பினாய். "பாத்துட்டேன்டி. காத்து ஐஸ தள்ளிகினே போவுது. தொறந்த எடத்துல கடலு பொக பொகயா வுடுது. கண்ணு முன்னால மேல ஐஸு புடிக்குது. உப்பு எறங்கறது கண்ணுக்குத் தெரில, மீட்டர்ல தெரிது. நின்னு அழுதுட்டேன்டி. நீ இல்லியேனு இருந்துச்சி." நான் பதில் போடவில்லை. அந்தச் செய்தியை எத்தனை தடவை கேட்டேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து ஆய்வகத்துக்கு வந்தாய். வாசலில் நின்றபடி, "கொஞ்சம் பேசணும்" என்றாய். "வேல கீது" என்றேன், தலையைத் தூக்காமல். உன் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனதைக் கேட்டேன். அடுத்த வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையில் உன் ஸ்கூட்டியைக் கன்டெய்னர் லாரி ஒன்று அடித்தது. பட்டப்பகல். ஹெல்மெட் போட்டிருந்தாய்.

எதற்கு வந்தாய்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சொல்லவா? பனி எப்படி இருந்தது என்று கதை சொல்லவா? நீ வந்தது நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு எளிது. அந்த எளிதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமலே போய்விட்டதற்கு உன் மேலும், நிமிர்ந்து பார்க்காததற்கு என் மேலும் கோபம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். குப்பத்து ஆட்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நண்டு செத்ததற்கு வேறு காரணம், எங்கள் தண்ணீர் இல்லை என்கிறது ஆலைத் தரப்பு. குழாயைப் பெரிதாக்குவதற்கு முன்பே அதன் உப்பு அடியோடு போனது, அது அவர்களுக்கு அப்போதே தெரியும் என்று காட்ட ஏதாவது கிடைக்குமா என்று வக்கீல் கேட்டாராம். "நீதான் உப்பு பாக்கறவ. ஒன்னாண்ட பழசு எதுனா கீதா?" என்றார் உன் அண்ணன்.

பதிவேடு அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் அவர் கேட்பார்: யார் எடுத்த தண்ணீர்? அவரை மாடிப்படியிலேயே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாட்டில்கள், அட்டவணை, டீக்கடை, கப்பல். சொல்லச் சொல்ல அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. உன் போட்டோவுக்கு இன்னும் தினமும் பூ வைக்கிறவர்.

முடித்ததும், "தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவள யாரு போட்டுல இட்டுகினு போனது? நான்தான். பாட்டில கயித்துல கட்டி அடிக்கு வுட்டது என் கையி. பைப்பாண்ட ஒண்ணு, தள்ளி ஒண்ணுனு ஒரு நாளு பூரா எடுத்தோம். மண்டபத்துல எடுக்கலனு சொன்னா பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சி."

"ஏண்ணா எந்திரிச்சிச் சொல்லல?"

"எந்தங்கச்சி மேடைல கீறா. நான் எப்டிம்மா எந்திரிப்பேன்?" என்னைப் பார்த்தார். "நீ ஏன் ஒக்காந்த?"

நான் எழுந்து போய் அலமாரியிலிருந்த பதிவேட்டை எடுத்து வந்து அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"வூட்டுக்கு வந்து கேட்டேன். சோத்துல கைய வெச்சிகினு தட்டயே பாத்துனு இருந்தா. அதுக்கப்பறம் நானும் கேக்கல. மூணு பேரும் சேந்து செஞ்சோம்மா. அவமேல மட்டும் போடாத." சாக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஆனா இப்ப சொல்லணும். அவ பேரு கெட்டா கெடட்டும். குப்பத்துல நாப்பது வூடு கீது."

அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. உன் பெயரைக் கெட்டுப் போகவும் விடுகிறார், உன்னை விட்டும் கொடுக்கவில்லை. எனக்கு இரண்டும் சேர்ந்து வரவில்லை.

நேற்று இரண்டு பேரும் பாரிமுனையில் வக்கீல் அலுவலகத்துக்குப் போனோம். மின்விசிறி ஓடாத சின்ன அறை. வக்கீலின் ஜூனியர், இருபத்தைந்து வயதுப் பெண், என் பதிவேட்டைப் பக்கம் பக்கமாக நகலெடுத்துவிட்டு, வாக்குமூலம் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். அளந்தது யார் என்று கேட்டாள். என் பெயரைச் சொன்னேன். படகு யாருடையது என்று கேட்டாள். உன் அண்ணன் தன் பெயரைச் சொன்னார், படகின் பதிவு எண்ணையும் சொன்னார்.

"மாதிரி எடுத்தவங்க?"

உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயர், அப்பா பெயரோடு. அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ நாளாகிறது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவளும் நீதான் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் தட்டச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"அவங்க வந்து சொல்லுவாங்களா?"

"வரமாட்டாம்மா. செத்துட்டா," என்றார் உன் அண்ணன். "ஆனா தண்ணி அவ எடுத்ததுதான். எழுதிக்க."

அந்தப் பெண் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார்.

இதனால் குழாய் நின்றுவிடுமா என்று தெரியாது. வக்கீலுக்கே நிச்சயம் இல்லை. அந்தக் காகிதத்தில் நீ இரண்டு இடத்தில் இருக்கிறாய், உண்மையை எடுத்தவளாகவும் அதை மறைத்தவளாகவும். ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள நான் விடவில்லை. உன்னை மன்னித்துவிட்டேனா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். இல்லை. உன்னோடு சண்டை போட இன்னும் நிறைய இருக்கிறது, போட்டுக்கொண்டுதான் இருப்பேன். இந்த ஊரில் என் பேச்சிலேயே எனக்குத் திருப்பிச் சொல்ல நீ ஒருத்திதான் இருந்தாய்.